காடு, மேய்ச்சல், உழவு நிலம்: மண்ணின் ஈரத்தையும் இறுக்கத்தையும் ஒப்பிட்டு அளப்பது எப்படி

மழை நின்று சில வாரங்கள் ஆனபின் அடர்ந்த காட்டிலும் அதை ஒட்டிய உழவு நிலத்திலும் அரை மீட்டர் ஆழத்துக்குத் தோண்டிப் பாருங்கள். காட்டு மண்தான் ஈரமாக இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் பல இடங்களில் ஏமாந்து போவார்கள். அடியில் காட்டு மண் உலர்ந்து கிடக்கும். அறுவடை முடிந்து வெறுமனே கிடக்கும் நிலத்திலோ ஈரம் மிச்சமிருக்கும். அதற்காகக் காட்டு மண் மோசம் என்று சொல்லிவிட முடியாது. மரங்கள் ஆழத்திலிருந்து நீரை உறிஞ்சி இலை வழியே வெளியேற்றிவிட்டன, அவ்வளவுதான். அடுத்த மழையில் அதே காட்டு மண் நீரை மளமளவென்று உள்ளே வாங்கிக்கொள்ளும். உழவு நிலத்தில் கணிசமான நீர் மேலோடு ஓடிப்போகலாம்.

அதனால், "எந்த மண்ணில் ஈரம் அதிகம்?" என்ற ஒற்றைக் கேள்வியோடு கிளம்பினால் குழப்பம்தான் மிஞ்சும். அதை மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பெய்த மழையில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்குகிறது? இறங்கியதில் எவ்வளவு தங்குகிறது? தங்கியது எந்த வழியாக, எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது? நிலத்தை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பது இந்த மூன்றையும் தனித்தனியாக மாற்றுகிறது. சில சமயம் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் மாற்றுகிறது. இந்த மூன்றையும் பெரிய ஆய்வகம் இல்லாமல் எப்படி அளப்பது, வந்த எண்களை எப்படிப் புரிந்துகொள்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். திட்டக்கட்டுரை செய்யும் மாணவர்களுக்கும், புதிதாக நிலம் வாங்கி அதன் குணம் தெரியாமல் நிற்பவர்களுக்கும் இது போதும்.

எது மாறும், எது மாறாது

மண் நயம் என்பது மணல், வண்டல், களி ஆகிய மூன்றின் விகிதம். மணல் துகள் 2 மி.மீ. முதல் 0.05 மி.மீ. வரை, வண்டல் 0.05 முதல் 0.002 வரை, அதற்கும் சிறியது களி. உழுதாலும் மரம் நட்டாலும் மாடு மேய்ந்தாலும் இந்த விகிதம் லேசில் மாறாது. மேல்மண் அரித்துப் போனால், அல்லது வேறிடத்து மண் வந்து படிந்தால் மட்டுமே மாறும்.

மாறுவது கட்டமைப்பு. அந்தத் துகள்கள் எப்படி ஒட்டிச் சிறு உருண்டைகளாகச் சேர்ந்திருக்கின்றன, அவற்றுக்கிடையே எவ்வளவு பெரிய துளைகள் இருக்கின்றன என்பதைத்தான் கட்டமைப்பு என்கிறோம். வேர், மண்புழு, பூஞ்சை இழைகள், மக்கிய இலை எல்லாம் அதைக் கட்டுகின்றன. கலப்பை, சக்கரம், குளம்பு, வெறும் மண்ணில் விழும் மழைத்துளி ஆகியவை அதை உடைக்கின்றன. பெரிய துளைகள் வழியே நீர் இறங்குகிறது, காற்று போய்வருகிறது. நடுத்தரத் துளைகள் பயிருக்கான நீரைப் பிடித்து வைக்கின்றன. மிக நுண்ணிய துளைகளில் இருக்கும் நீர் வேருக்குக் கிடைக்காது. மண்ணை மிதித்து இறுக்கினால் முதலில் நசுங்குவது பெரிய துளைகள்தான். மொத்தத் துளை அளவு கொஞ்சம் குறைந்தாலே நீர் இறங்கும் வேகம் பல மடங்கு சரிவது இதனால்தான்.

இடத்தைத் தேர்வு செய்தல்

முழு வேலையிலும் அதிகம் சொதப்புவது இந்தக் கட்டம்தான். அளவீட்டில் வரும் பிழையைத் திரும்ப அளந்து சரிசெய்துகொள்ளலாம்; இடத்தைத் தவறாக எடுத்துவிட்டால் மற்ற எல்லாம் வீண்.

ஒப்பிடப்போகும் நிலங்கள் அக்கம்பக்கத்தில் இருக்க வேண்டும். சரிவு ஒரே அளவு, சரிவில் அவை இருக்கும் உயரமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். மேட்டின் உச்சியில் காடு, அடிவாரத்தில் வயல் என்று எடுத்துக்கொண்டால் நீங்கள் அளப்பது மேடு பள்ளத்தை. நிலப் பயன்பாட்டை அல்ல. அடிவாரத்தில் இயல்பாகவே ஈரமும் மென்மையான மண்ணும் சேரும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று இருக்கிறது. மனிதர்கள் நல்ல மண்ணைத் தேர்ந்தெடுத்துத்தான் உழுதார்கள். கல்லும் சரிவுமாக இருந்ததைக் காட்டுக்கும் மேய்ச்சலுக்கும் விட்டுவிட்டார்கள். அதனால் இன்று தெரியும் வேறுபாட்டில் ஒரு பகுதி உழவு தொடங்கும் முன்பே இருந்திருக்கலாம். இதைச் சோதிக்க எளிய வழி, இரண்டு இடத்திலும் அரை மீட்டருக்குக் கீழே மண் எடுத்து நயம் பார்ப்பது. அந்த ஆழத்தை உழவு தொடுவதில்லை. அங்கே இரண்டும் ஒன்றாக இருந்தால் ஆதியில் ஒரே மண் என்று ஓரளவு நம்பலாம். ஒன்றில் களியும் மற்றதில் மணலும் இருந்தால் அந்த ஜோடியைக் கைவிடுங்கள், வேறு இடம் பாருங்கள்.

நயம் பார்க்க இரண்டு வழி. ஈர மண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து நாடாபோல் பிதுக்குங்கள். 2.5 செ.மீ. நீளம் வரும் முன்பே ஒடிந்தால் களி குறைவு, 2.5 முதல் 5 செ.மீ. வரை நின்றால் நடுத்தரம். 5-ஐத் தாண்டினால் களி மிகுந்த மண். இன்னொன்று, சல்லடையில் சலித்த மண்ணை நேரான சுவருள்ள கண்ணாடிச் சீசாவில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, நீரும் கொஞ்சம் துணி சோப்புத் தூளும் சேர்த்து நன்றாகக் குலுக்கி வைப்பது. ஒரு நிமிடத்துக்குள் படிவது மணல். 2 மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். களி படிய ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். அளவுகோலை வைத்து அடுக்குகளின் உயரத்தை அளந்தால் தோராயமான விகிதம் கிடைக்கும்.

ஒரே மண், இரண்டு பயன்பாடு என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையம். 1843 முதல் கோதுமைச் சோதனை நடந்துவரும் வயலின் ஒரு மூலையை 1882-இல் அறுவடை செய்யாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். அதில் ஒரு பகுதி இன்று முதிர்ந்த காடு. பக்கத்திலேயே கோதுமை தொடர்கிறது. அப்படியொரு வசதி எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம், வரப்பும் வயலும், தோட்டத்தில் மரத்தடியும் வண்டித் தடமும் என்று சின்ன ஜோடிகள் எங்கும் உண்டு. தொடங்குகிறவர்களுக்கு அவையே சரி.

நிலத்தின் வரலாற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை ஆண்டாக இந்தப் பயன்பாடு, கடைசியாக எப்போது உழுதார்கள், எப்போது நீர் பாய்ச்சினார்கள், தீ வைத்ததுண்டா. முந்தின நாள் பாசனம் செய்த வயலை மழையை மட்டும் நம்பிய காட்டோடு ஒப்பிட்டு எண் எடுப்பதில் அர்த்தமில்லை.

தேவையான பொருள்கள்

இரண்டு பக்கமும் திறந்த உலோகக் குழாய்த் துண்டு (உள்விட்டம் சுமார் 7 செ.மீ., உயரம் 10 செ.மீ., ஒரு விளிம்பு கூராகத் தேய்த்தது). 15 செ.மீ. விட்டமுள்ள இன்னொரு வளையம், உயரம் 12 செ.மீ.க்குக் குறையாமல். ஒரு கிராம் வரை காட்டும் தராசு. மரக்கட்டை, சுத்தியல், மண்வெட்டி, கத்தி, அளவுச் சாடி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பைகள், அழியாத பேனா. 105 டிகிரி செல்சியசில் வைக்கக்கூடிய அடுப்பு. மண் ஈரம் காட்டும் மின்னணுக் கருவி இருந்தால் இருக்கட்டும். ஆனால் மலிவான குத்துமுள் கருவிகளை நம்பி ஒப்பீடு செய்யாதீர்கள். அவை காட்டும் எண் மண்ணின் உப்பையும் களியையும் பொறுத்து மாறும். நிலப் பயன்பாடு மாறும்போது உப்பின் அளவும் மாறியிருக்கலாம்.

எப்போது, எந்த ஆழத்தில்

மண் முழுக்க நனையும்படி நல்ல மழை பெய்த பிறகு 2 அல்லது 3 நாள் கழித்து முதல் தடவை எடுங்கள். பெரிய துளைகளில் நின்ற நீர் அதற்குள் வடிந்திருக்கும்; மண் தன்னால் பிடித்து வைக்க முடிந்த நீரோடு நிற்கும். இதை வயல் கொள்திறன் என்கிறோம். களி மண்ணுக்கு இன்னும் ஓரிரு நாள் கூடுதலாக விடலாம். அப்புறம் மழையில்லாமல் 10, 15 நாள் போனதும் அதே இடங்களில் மறுபடி எடுங்கள். முதல் எண், மண் எவ்வளவு வைத்துக்கொள்கிறது என்று காட்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி, எவ்வளவு வேகமாக இழக்கிறது என்று காட்டும். ஒரே ஒரு நாள் எடுத்த ஈர அளவை வைத்து இரண்டு நிலங்களுக்குத் தீர்ப்பு எழுதுவதை நான் நம்புவதில்லை. இரண்டு நாள் எண்களும் கையில் இருந்தால் பேசலாம்.

எல்லா நிலங்களிலும் ஒரே நாளில் எடுக்க வேண்டும். ஆழம் 0–10, 10–20, 20–40 செ.மீ. என்று மூன்றாகப் பிரித்தால் போதும். மேல் 10 செ.மீ.யில் மேய்ச்சலின் விளைவும் இலைக்குப்பையின் விளைவும் தெரியும்; 15 முதல் 25 செ.மீ.க்குள் உழவின் அடித்தட்டு (கலப்பை உரசும் ஆழத்தில் இறுகிய அடுக்கு) தெரியும். காட்டில் இலைக்குப்பையை ஒதுக்கிவிட்டு, மண் தொடங்கும் இடத்திலிருந்து ஆழத்தைக் கணக்கிடுங்கள்.

ஒவ்வொரு நிலத்திலும் குறைந்தது 5 இடங்கள். ஒரே காட்டுக்குள் மரத்தடியில் ஒரு மாதிரியும் வெளியில் ஒரு மாதிரியும் இருக்கும். அந்த வேறுபாட்டின் அளவு தெரியாமல் காட்டுக்கும் வயலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பேச முடியாது. அண்மையில் உழுத வயலைத் தவிருங்கள். புதிதாக உழுத மண் சில வாரங்களுக்குப் பொய்யாக லேசாக இருக்கும், ஒன்றிரண்டு மழைக்குப் பின் படிந்துவிடும். பயிர்க்காலத்தின் நடுப்பகுதி நல்லது.

குழாய் மாதிரியும் அதன் கணக்கும்

கூர் விளிம்பு கீழிருக்கும்படி குழாயை வைத்து, மேலே மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டி இறக்குங்கள். வேகமாக அடித்தால் உள்ளே மண் நசுங்கும். குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் மண்மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே அடியுங்கள். பிறகு சுற்றிலும் தோண்டி, அடியில் மண்வெட்டியைக் கொடுத்துத் தூக்கி, இரண்டு பக்கமும் கத்தியால் மட்டமாக வெட்டுங்கள். மண் முழுவதையும் பைக்குள் தட்டி, உடனே இறுகக் கட்டிப் பெயர் எழுதுங்கள். 10–20 செ.மீ.க்கு, மேல் அடுக்கை ஒதுக்கிச் சமதளம் ஆக்கி அங்கிருந்து குழாயை இறக்க வேண்டும். 20–40-க்கு அந்த அடுக்கின் நடுவிலிருந்து ஒரு மாதிரி போதும்.

வீட்டுக்கு வந்து எடை போட்டு, 105 டிகிரியில் 24 மணி நேரம் காய வையுங்கள். மறுபடி எடை. இன்னும் சில மணி நேரம் வைத்தும் எடை குறையவில்லை என்றால் காய்ந்தது. வெயிலில் காய வைப்பது போதாது. களியைச் சுற்றியுள்ள நீர் அதில் போகாது. மைக்ரோவேவ் அடுப்பில் சிறிது சிறிதாகச் சூடாக்கி, எடை மாறாமல் நிற்கும் வரை திரும்பத் திரும்ப வைக்கலாம். உலோகப் பாத்திரம் கூடாது, இலைமக்கு நிறைந்த மண் புகையக்கூடும் என்பதால் பக்கத்திலேயே நில்லுங்கள். அடுப்பில் இடம் போதாவிட்டால் மொத்த ஈர எடையைக் குறித்துக்கொண்டு, நன்றாகக் கலந்து 100 கிராம் மட்டும் காய வைத்து விகிதம் போட்டுக்கொள்ளலாம்.

இனி கணக்கு. இதை ஒரு தடவை நிதானமாகப் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. 7 செ.மீ. விட்டமும் 10 செ.மீ. உயரமும் உள்ள குழாயின் கொள்ளளவு சுமார் 385 கன செ.மீ. விளக்கத்துக்காக இரண்டு மாதிரிகளை எடுத்துக்கொள்வோம்.

காட்டு மண்: ஈர எடை 525 கிராம், உலர்ந்த எடை 404 கிராம்.
உழவு மண்: ஈர எடை 660 கிராம், உலர்ந்த எடை 539 கிராம்.

நீரின் எடையை உலர்ந்த மண்ணின் எடையால் வகுத்தால் எடைவழி ஈரப்பதம். காட்டில் 121-ஐ 404-ஆல் வகுக்க 30 சதவீதம். வயலில் 121-ஐ 539-ஆல் வகுக்க 22.4 சதவீதம். இதோடு நிறுத்திவிட்டால் "காட்டில் ஈரம் மூன்றில் ஒரு பங்கு அதிகம்" என்று எழுதிவிடுவோம். ஆனால் இரண்டு குழாயிலும் இருந்த நீர் ஒரே 121 கிராம்தான்! காட்டு மண் லேசாக இருப்பதால், வகுக்கும் எண் சிறிதாகி விடை பெரிதாகிவிட்டது. நீரைக் கொள்ளளவால் வகுத்தால் இரண்டுக்கும் 31.4 சதவீதம். அதாவது 10 செ.மீ. ஆழ மண்ணில் 31 மி.மீ. நீர், ஒரு சதுர மீட்டருக்கு 31 லிட்டர். நிலப் பயன்பாடுகளை ஒப்பிடும்போது எப்போதும் கொள்ளளவு வழியில் பேசுங்கள். எடைவழி எண்ணை மட்டும் பட்டியலிட்டு வேறுபாடு சொல்லும் அறிக்கையைக் கண்டால், அடர்த்தியைக் கேட்டுவிட்டு அப்புறம் நம்புங்கள்.

அதே எண்களில் அடுத்த அளவும் கிடைக்கிறது. உலர்ந்த எடையைக் கொள்ளளவால் வகுத்தால் பரும அடர்த்தி: காட்டில் 1.05, வயலில் 1.40 கிராம்/கன செ.மீ. தாதுத் துகளின் அடர்த்தி ஏறக்குறைய 2.65. பரும அடர்த்தியை இதனால் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் மொத்தத் துளைப் பங்கு வரும். காட்டில் 60 சதவீதம், வயலில் 47. இரண்டிலும் 31 சதவீதத்தை நீர் நிரப்பியிருக்கிறது. எனவே காட்டில் 29 சதவீதம் காற்று, வயலில் 16. வண்டித் தடத்தில் அடர்த்தி 1.70 என்று வந்தால் துளையே 36 சதவீதம்தான். அதே நீர் இருந்தால் காற்றுக்கு 4 சதவீத இடம் மிஞ்சும். காற்றின் பங்கு 10 சதவீதத்துக்குக் கீழே போனால் பெரும்பாலான பயிர்களின் வேர் மூச்சுத் திணறும். ஈரம் ஒரே அளவு; பயிருக்கு அனுபவம் முற்றிலும் வேறு.

அடர்த்தி எவ்வளவு இருந்தால் இறுக்கம் என்பது நயத்தைப் பொறுத்தது. மணல் மண்ணில் 1.8-ஐத் தாண்டினால் வேர் நுழையத் தடுமாறும். களி மண்ணில் 1.5 நெருங்கும்போதே அந்த நிலை வந்துவிடும். கல் நிறைந்த மண்ணாக இருந்தால் 2 மி.மீ.க்கு மேற்பட்ட கற்களைச் சலித்து எடுத்து, அவற்றின் எடையையும் கொள்ளளவையும் (எடையை 2.65-ஆல் வகுத்தால் போதும்) கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள். காய்ந்தால் வெடித்து நனைந்தால் உப்பும் களி மண்ணில் அடர்த்தியே ஈரத்தோடு மாறும்; அங்கே இரண்டு நிலங்களும் ஒரே அளவு நனைந்திருக்கும் நாளில் மட்டும் ஒப்பிடலாம்.

நீர் இறங்கும் வேகம்

எனக்கு ஒரே ஒரு சோதனைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் செய்வேன். நிலப் பயன்பாட்டின் வேறுபாடு வேறெதிலும் இவ்வளவு பளிச்சென்று தெரியாது.

15 செ.மீ. வளையத்தை 7 செ.மீ. ஆழத்துக்கு அடித்து இறக்குங்கள். உள்ளே இருக்கும் செடியை வேரோடு பிடுங்காமல் மேலே வெட்டிவிடுங்கள். வளையத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, 440 மி.லி. நீரை அதன்மேல் ஊற்றி, தாளை மெல்ல உருவுங்கள். இது 2.5 செ.மீ. மழைக்குச் சமம். நீர் முழுவதும் இறங்கி மண் பளபளப்பு மட்டும் மிஞ்சும் நேரத்தைக் குறியுங்கள். இது மண்ணை நனைக்க மட்டும்; உடனே இரண்டாவது தடவை அதே அளவு ஊற்றி நேரம் எடுங்கள். கணக்கில் சேர்க்க வேண்டியது இரண்டாவது எண்ணைத்தான். காய்ந்த மண் முதலில் எவ்வளவும் குடிக்கும்.

இரண்டாவது தடவை 12 நிமிடத்தில் இறங்கினால் மணிக்கு 12.5 செ.மீ. வேகம். 75 நிமிடம் ஆனால் மணிக்கு 2 செ.மீ. மணிக்கு 5 செ.மீ. என்று கொட்டும் மழையில் முதல் நிலம் ஒரு சொட்டும் விடாது. இரண்டாவது நிலத்தில் பாதிக்கு மேல் ஓடிப்போகும். ஒப்பிட்டுக்கொள்ள ஓர் அளவு: தொடர்ந்து நீர் நிற்கும்போது சாதாரணமாக மணல் மண்ணில் மணிக்கு 3 செ.மீ.க்கு மேலும், களி மண்ணில் 0.1 முதல் 0.5 செ.மீ. வரையும் இறங்கும் என்று கொள்வார்கள். ஒற்றை வளையத்தில் நீர் பக்கவாட்டிலும் கசிவதால் உங்கள் எண் கொஞ்சம் கூடுதலாகவே வரும். நிலத்துக்கு நிலம் ஒப்பிட அது தடையில்லை. எலி வளையோ வெடிப்போ வளையத்துக்குள் வந்துவிட்டால் தப்பான எண் வரும், இடம் மாற்றுங்கள்.

கையாலேயே செய்யும் சில சோதனைகள்

நிழலில் நன்றாகக் காயவைத்த சிறு மண் உருண்டையைச் சல்லடை வலைமேல் வைத்து நீரில் அமிழ்த்துங்கள். 5 நிமிடத்துக்குள் கரைந்து சேறாகிவிட்டால், மழைத்துளி பட்டதும் மேற்பரப்பு அடைபட்டு ஓடு கட்டும் மண் அது. உருண்டை அப்படியே நின்றால் வேரும் பூஞ்சையும் அதைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. ஈர உருண்டையை வைத்து இதைச் செய்யக்கூடாது. உள்ளே அடைபட்ட காற்று வெடித்து வெளியேறுவதுதான் சோதனையே.

காய்ந்த மேல்மண்ணில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். 5 விநாடிக்குள் உள்ளே போகவில்லை என்றால் மண் நீரைத் தள்ளுகிறது. யூக்கலிப்டஸ், பைன் தோப்புகளிலும் தீப்பட்ட இடங்களிலும் இது அடிக்கடி தெரியும். இலையின் மெழுகுப் பொருள் துகள்மேல் படிவதால் வருவது.

மண்வெட்டியால் 20, 25 செ.மீ. ஆழக் கட்டி ஒன்றைப் பெயர்த்துக் கையால் பிளந்து பார்ப்பது இன்னொன்று. பொலபொலவென்று உதிர்கிறதா, தகடு தகடாகப் பிரிகிறதா? வேர்கள் நேராக இறங்குகின்றனவா, ஓர் ஆழத்தில் சட்டென்று பக்கவாட்டில் திரும்பிவிடுகின்றனவா? திரும்பினால் அங்கே தட்டு இருக்கிறது. கம்பியைக் குத்தியும் அந்த ஆழத்தை உறுதி செய்யலாம்; இரண்டு நிலமும் நனைந்திருக்கும்போது குத்துங்கள், காய்ந்தால் எல்லா மண்ணும் கடினம்தான்.

எண்களைப் புரிந்துகொள்ளுதல்

பழைய காடு. அடர்த்தி குறைவு, நீர் இறங்கும் வேகம் மிக அதிகம், உருண்டைகள் உறுதி. இலைக்குப்பை மழைத்துளியின் அடியைத் தாங்குகிறது. செத்த வேர்கள் விட்டுப்போன குழாய்கள் வழியே நீர் நேராக ஆழத்துக்குப் போகிறது. நிழலால் மேற்பரப்பில் ஆவியாதலும் குறைவு. ஆனால் மழையில் ஒரு பங்கு இலைகளிலேயே தங்கி ஆவியாகிவிடும், மீதியிலும் கணிசமானதை மரங்கள் குடிக்கும். எனவே மேல் 10 செ.மீ. ஈரமாகவும் அரை மீட்டரில் உலர்ந்தும் இருந்தால் அளவீட்டைச் சந்தேகப்பட வேண்டாம்.

நட்டு வளர்த்த தோப்பு வேறு கதை. வேகமாக வளரும் ஒரே வகை மரத்தை நெருக்கமாக நட்டால் நீர் உறிஞ்சல் உடனே ஏறும். மண்ணின் கட்டமைப்பு திரும்பவோ பல ஆண்டுகள் ஆகும். சீனாவின் லோயஸ் பீடபூமியில் அரிப்பைத் தடுக்க மரம் நட்ட பல இடங்களில் ஆழத்தில் நிரந்தரமாக உலர்ந்த மண் அடுக்குகள் உருவாகியிருக்கின்றன. மழை குறைவான அந்தச் சூழலில் சில இடங்களுக்குப் புல்லும் புதரும் பொருத்தமாக இருந்திருக்கும். "மரம் நட்டால் ஈரம் பெருகும்" என்பதைப் பொது விதியாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். மழையளவையும் மர வகையையும் கேட்காமல் அதற்குப் பதில் இல்லை.

உழவு நிலத்தில் கரிமச் சத்து இழப்புதான் மையம். உழவு உருண்டைகளை உடைத்து, உள்ளே பாதுகாப்பாக இருந்த மக்கை நுண்ணுயிர்களுக்குத் திறந்துவிடுகிறது. குவோ, கிஃபோர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2002-இல் 74 வெளியீடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இயற்கைக் காடு பயிர் நிலமாகும்போது மண்ணின் கரிமம் (மக்கில் உள்ள கார்பன்) சராசரியாக 42 சதவீதமும், மேய்ச்சல் நிலம் பயிர் நிலமாகும்போது 59 சதவீதமும் குறைந்தது தெரிந்தது. காடு மேய்ச்சலாக மாறியபோது 8 சதவீதம் கூடியிருந்தது. புல்லின் அடர்ந்த வேரை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. மண்ணைக் கட்டுவதில் அது மரத்துக்குச் சளைத்ததல்ல.

உழவின் இன்னொரு தடம் அடித்தட்டு. கலப்பை ஒரே ஆழத்தில் ஆண்டுக்கணக்கில் உரசுவதாலும், சக்கரம் சாலில் ஓடுவதாலும் 15 முதல் 25 செ.மீ. ஆழத்தில் இறுகிய அடுக்கு வரும். மேல் 10 செ.மீ. மட்டும் அளப்பவர்கள் இதைத் தவறவிட்டு, "உழுத மண் காட்டைப் போலவே லேசாக இருக்கிறது" என்று எழுதிவிடுவார்கள். நெல் வயலில் இதே தட்டு வேண்டுமென்றே உருவாக்கப்படுகிறது. சேற்றுழவு கட்டமைப்பை முழுதாகக் கலைத்து நீர் கீழே போகாமல் தடுக்கிறது. நெல்லுக்கு அது தேவை. அங்கே நீர் இறங்கவில்லை என்பது குறையாகாது. அடுத்து மேட்டுப் பயிர் போடும்போதுதான் தொல்லை.

மேய்ச்சல் நிலத்தில் எல்லாமே மாடுகளின் எண்ணிக்கையும் நேரமும் சார்ந்தது. குளம்பின் பரப்பு சிறிது. உடலின் எடை முழுவதும் அதில் இறங்குகிறது. ஈரமாக இருக்கும்போது மேய விட்டால் மேல் 5 முதல் 10 செ.மீ. இறுகிப்போகும், அதற்குக் கீழே பெரும்பாலும் சேதமில்லை. அளவாக மேய்ந்த நிலத்தையும் ஆடுமாடுகளை நெருக்கமாக அடைத்து வைத்த நிலத்தையும் ஒரே தலைப்பில் போடக்கூடாது.

தரிசு என்றால் என்ன தரிசு என்று பாருங்கள். புல் மூடிய தரிசு மெல்ல மீண்டுகொண்டிருக்கும் நிலம். வெறுமனே கிடக்கும் தரிசில் மேற்பரப்பு ஓடு கட்டியிருக்கும், ஆனால் செடி உறிஞ்சாததால் அடியில் ஈரம் மிச்சம் இருக்கும். கட்டடம் எழுந்த இடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: எந்திரங்கள் ஓடிய மண்ணில் அடர்த்தி 1.7-க்கு மேல் போவது சகஜம், நீர் இறங்கும் வேகம் சுழிக்கு அருகில்.

கடைசியாக, இயற்கை உரம் போட்டால் மண் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும் என்று அடிக்கடி சொல்லப்படுவதைப் பற்றி. 2018-இல் மினாஸ்னி, மெக்பிராட்னி இருவரும் உலகளாவிய தரவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மண்ணின் எடையில் கரிமம் ஒரு சதவீதம் கூடினால் பயிருக்குக் கிடைக்கும் நீர் 10 செ.மீ. ஆழத்துக்குச் சராசரியாக 1.2 மி.மீ. அளவே கூடுகிறது. மணல் மண்ணில் இது கொஞ்சம் அதிகம், களியில் குறைவு. அந்த ஒரு சதவீதத்தை ஏற்றவே பல ஆண்டுகள் ஆகும். அப்படியானால் மக்கு வீணா? இல்லை. அதன் பெரிய பலன் சேமிப்பில் இல்லை, நுழைவில் இருக்கிறது. உருண்டை உறுதியாகி, மேற்பரப்பு அடைபடாமல், முன்பு ஓடிப்போன மழை உள்ளே வரும். உங்கள் வளையச் சோதனையில் 75 நிமிடம் என்பது 30 ஆகக் குறைந்தால், ஒரே பெருமழையில் அது தரும் கூடுதல் நீர் அந்த 1.2 மி.மீ.யைப் போலப் பல மடங்கு இருக்கும்.

நிலத்தின் பயன்பாட்டை மாற்றிவிட்டு விளைவு பார்க்க நினைப்பவர்கள் எல்லா அளவையும் ஆண்டுதோறும் எடுக்க வேண்டியதில்லை. மூடாக்கு (மண்ணை மூட இலை, வைக்கோல் பரப்புவது) போட்டாலோ உழவைக் குறைத்தாலோ முதலில் அசைவது மேற்பரப்பு உருண்டைகளும் நீர் இறங்கும் வேகமும். இவற்றை ஆண்டுக்கு ஒரு தடவை, அதே பருவத்தில், அதே இடத்தில் பாருங்கள். மேல்மண் அடர்த்தியை மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அடித்தட்டு தானாக இளக இன்னும் நாளாகும், ஆழ வேர்விடும் பயிர் இல்லாத இடத்தில் இளகாமலே போகலாம். இடங்களை மறக்காமல் இருக்க மரத்திலிருந்தோ கல்லிலிருந்தோ உள்ள தூரத்தையும் திசையையும் எழுதி வையுங்கள். காய்ந்த மாதிரிகளையும் பெயர் எழுதிய பைகளில் பத்திரப்படுத்துங்கள். பிற்பாடு கரிமம் பார்க்க ஆய்வகம் கிடைத்தால், தொடக்க ஆண்டின் மண் கையில் இருக்கும்.